வாய்க்காலும் பார்லிக் கணக்கும்: சுமேரிய அரசுகள் எதன்மேல் நின்றன?

ஆற்றங்கரை நாகரிகங்கள் என்றால் நைல், யூப்ரடீஸ், டைகிரிஸ், சிந்து, மஞ்சளாறு என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். வெள்ளம் வண்டலைக் கொண்டுவந்தது, விளைச்சல் மிஞ்சியது, அரசு பிறந்தது என்று பாடம் முடிந்துவிடும். எகிப்துக்கு இது ஓரளவு சரி. இன்றைய தெற்கு ஈராக்கில், சுமேரியர்கள் வாழ்ந்த சமவெளியில், நிலைமை வேறு. அங்கே ஆறு வேண்டாத மாதத்தில் பெருகும், வேண்டிய மாதத்தில் வற்றிக் கிடக்கும்.

நைலில் ஜூலை வாக்கில் நீர் ஏறி, அக்டோபரில் வடியும். ஈரம் காயாத வண்டலில் அப்படியே விதைக்கலாம். யூப்ரடீஸும் டைகிரிஸும் வடக்கே மலைகளில் பனி உருகுவதை நம்பியவை. அவற்றில் ஏப்ரல், மே மாதங்களில்தான் பெருவெள்ளம் வரும். ஆனால் அங்கே பார்லி விதைப்பது அக்டோபர், நவம்பரில். அறுப்பது ஏப்ரல், மேயில். அதாவது விதைக்கும்போது ஆற்றில் நீர் மிகக் குறைவு, கதிர் முற்றி நிற்கும்போது வெள்ளம். இலையுதிர் காலத்தில் தண்ணீரை வயலுக்குள் இழுத்து வரவேண்டும், வசந்தத்தில் அதே தண்ணீரை வெளியே நிறுத்தவேண்டும். மழையை நம்ப வழியில்லை. மழையை மட்டும் வைத்து பார்லி எடுக்க ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டராவது வேண்டும். அங்கே 150-ஐத் தாண்டுவதே அரிது.

நிலத்தின் சரிவும் முக்கியம். பாக்தாத் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 35 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது, அங்கிருந்து பாரசீக வளைகுடா 500 கிலோமீட்டருக்கும் அப்பால். இவ்வளவு சமமான தரையில் ஆறு மெதுவாக ஊர்ந்து, வண்டலைத் தன் படுகையிலேயே போட்டு, ஆண்டுக்காண்டு படுகையை உயர்த்திக்கொள்ளும். கடைசியில் ஆறு சமவெளியைவிட மேலே, தானே எழுப்பிய இரு கரைகளுக்கு நடுவே ஓடும். இதில் ஒரு வசதி உண்டு: கரையை வெட்டினால் போதும், ஏற்றம் இறைக்காமல் தண்ணீர் தானே வயலுக்கு இறங்கும். ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. வெள்ளத்தில் கரை உடைந்தால் தண்ணீர் ஆற்றுக்குத் திரும்பாது, சில சமயம் ஆறே புதிய வழியில் போய்விடும். உர், உருக் போன்ற பெருநகரங்களின் இடிபாடுகள் இன்று ஆற்றைவிட்டு விலகி வறண்ட மண்ணில் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

குடியிருப்பும் இந்தச் சரிவை ஒட்டியே அமைந்தது. கரையின் மேட்டில் பேரீச்சைத் தோப்பும் காய்கறித் தோட்டமும். அதன் முதுகுப்பக்கச் சரிவில், வாய்க்காலிலிருந்து கீழ்நோக்கி நீண்டு ஒடுங்கிய தானிய வயல்கள். ஏர் மாடுகளை அடிக்கடி திருப்பாமல் இருக்க இந்த நீளம் உதவும். அதற்கும் கீழே, வடிநீர் தேங்கும் சதுப்பில் நாணலும் மீனும்.

வாய்க்கால் வெட்டுவது ஒரு முறை செய்யும் வேலை. தூர் வாருவது முடிவில்லாத வேலை. ஆற்றிலிருந்து பிரியும் வாயில்தான் வண்டல் முதலில் அடையும். வாரிய மண்ணைக் கரையில் போட்டுப் போட்டுக் கரை உயர்ந்துவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்த உயரத்துக்கு மண்ணைச் சுமப்பதைவிடப் பக்கத்தில் புதிய வாய்க்கால் வெட்டுவது எளிது. மூன்றாம் உர் வம்சத்தின் (சுமார் கி.மு. 2112–2004) கணக்குகளில் மண் வெட்டும் ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 10 கின் அளவு வேலை என்று நிர்ணயம் இருக்கிறது. இன்றைய அளவில் அது ஏறத்தாழ 3 கனமீட்டர். 1 கிலோமீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் உள்ள ஒரு சிறு வாய்க்காலில் அரை மீட்டர் வண்டல் அடைந்திருந்தால், வாரவேண்டியது 1,000 கனமீட்டர், சுமார் 333 ஆள்நாள். ஓர் ஆணுக்கு மாதப் படி 60 சிலா பார்லி (1 சிலா கிட்டத்தட்ட 1 லிட்டர்). ஆக அந்த ஒரு வாய்க்காலுக்கே 660 சிலாவுக்கு மேல் தானியம் கையிருப்பில் இருந்தாக வேண்டும், அதுவும் விதைப்புக்கு முன்னால்.

ஆளைத் திரட்டவும், படி அளக்கவும், அளந்ததை நினைவில் வைக்கவும் ஒரு அமைப்பு வேண்டும். சுமேரியாவில் அதை முதலில் செய்தது கோயில். கி.மு. 3200-ஐ ஒட்டி உருக் நகரத்தில் தோன்றிய மிகப் பழைய களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கணக்குகள்தான்: இவ்வளவு பார்லி, இவ்வளவு ஆடு, இத்தனை பேருக்குப் படி. மன்னர்களின் வீரத்தை எழுதும் வழக்கம் பல நூற்றாண்டுகள் கழித்தே வருகிறது.

வம்சங்களைப் பற்றிப் பேசும்போது பலர் கையில் எடுப்பது சுமேரிய மன்னர் பட்டியலை. "அரசுரிமை வானத்திலிருந்து இறங்கியது, எரிது நகரத்தில் இருந்தது" என்று தொடங்கும் அது, முதல் மன்னன் அலுலிமுக்கு 28,800 ஆண்டுகள் கொடுக்கிறது. கிஷ் நகரத்து என்மெபாரகெசிக்கு 900 ஆண்டுகள். ஆனால் அவர் பெயர் பொறித்த கல்துண்டுகள் உண்மையிலேயே கிடைத்திருக்கின்றன, சொந்தப் பொறிப்பால் அறியப்படும் மிகப் பழைய சுமேரிய மன்னர்களில் அவர் ஒருவர். ஆகவே பட்டியல் முழுக்கக் கற்பனை இல்லை. அதன் பெரிய குறை, ஒரு நேரத்தில் ஒரே நகரத்தில்தான் அரசுரிமை இருந்ததாக வரிசைப்படுத்துவது. பக்கத்துப் பக்கத்தில் ஒரே காலத்தில் ஆண்டவர்களை அது ஒருவர் பின் ஒருவராக அடுக்கிவிடுகிறது. இன்னொன்று: லகாஷ் வம்சம் அதில் இல்லவே இல்லை. நமக்கு விரிவாகத் தெரிந்த மிகப் பழைய ஆட்சி வரிசை அதுதான். பட்டியலை வைத்து வரலாறு எழுதினால் முதலில் தவறவிடுவது அந்த அரசைத்தான்.

1877-இல் பாஸ்ராவில் பிரெஞ்சுத் துணைத் தூதராக இருந்த எர்னஸ்ட் தெ சார்செக், தெல்லோ என்னும் மேட்டில் தோண்டத் தொடங்கினார். அது லகாஷ் அரசின் புனித நகரமான கிர்சு. அங்கே கிடைத்த பொறிப்புகளில் மையமாக இருப்பது எல்லைத் தகராறு. வடமேற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் உம்மா நகரம். இரண்டுக்கும் நடுவே குஎதின்னா என்னும் வளமான வயல்வெளி. ஒரே நீர்வழியில் உம்மா தலைமடை, லகாஷ் கடைமடை. காவிரிப் பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கிஷ் மன்னன் மெசலிம் நடுவராக இருந்து எல்லையை அளந்து ஒரு கல் நட்டார். உம்மாவின் உஷ் என்னும் ஆட்சியாளர் அதைப் பிடுங்கிவிட்டு உள்ளே வந்தார். சுமார் கி.மு. 2450-இல் லகாஷின் எயன்னத்தும் போரிட்டு வென்றார். அந்த வெற்றிக்கல் இன்று பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் துண்டு துண்டாக இருக்கிறது. ஒரு பக்கம் கேடயங்களை நெருக்கி அடுக்கி நிற்கும் படை, வெட்டுண்ட தலைகளைத் தூக்கிப் போகும் கழுகுகள்; மறுபக்கம் எதிரிகளை வலைக்குள் பிடித்திருக்கும் கடவுள். படத்தைவிட எழுத்து முக்கியம். உம்மாவின் ஆட்சியாளர் கடவுளரின் பெரிய வலைகளின் மேல் சத்தியம் செய்கிறார்: எல்லையைத் தாண்டமாட்டேன், வாய்க்கால்களின் போக்கை மாற்றமாட்டேன், எல்லைக் கற்களை உடைக்கமாட்டேன். இந்தச் சத்தியத்தின் சாரம் தண்ணீர்தான்.

ஒப்பந்தத்தில் இன்னொரு கண்ணி இருந்தது. உம்மா அந்த நிலத்தில் பயிர் செய்யலாம், ஆனால் லகாஷின் தெய்வங்களுக்குரிய பார்லியை வட்டிக் கடனாக ஏற்றுக்கொள்ள வேண்டும். வட்டிமேல் வட்டி ஏறி, ஒரு தலைமுறைக்குள் உம்மாவால் தீர்க்கவே முடியாத அளவுக்குக் கடன் வீங்கிவிட்டது. அடுத்து வந்த உர்-லும்மா கடனையும் கட்டவில்லை, எல்லை வாய்க்காலின் நீரையும் திருப்பிவிட்டார், கற்களுக்குத் தீ வைத்து உடைத்தார். லகாஷை பின்னர் ஆண்ட என்மெதெனாவின் களிமண் கூம்பில் அந்தப் போரின் முடிவு கூர்மையாகப் பதிவாகியிருக்கிறது: உர்-லும்மா தப்பியோடினார், லும்மகிர்னுந்தா வாய்க்கால் கரையில் 60 இணைக் கழுதைகளை விட்டுவிட்டு ஓடினார், இறந்தவர்களின் எலும்புகள் வெளியெங்கும் சிதறிக் கிடந்தன, ஐந்து இடங்களில் புதைமேடு எழுந்தது. பிறகு உம்மாவில் பதவிக்கு வந்த இல் என்பவரும் அதே வாய்க்காலில்தான் கை வைத்தார். போரில் வென்றாலும் தலைமடை எதிராளியிடம் இருக்கும்வரை கடைமடைக்கு நிம்மதி இல்லை. என்மெதெனா கண்ட தீர்வு, டைகிரிஸிலிருந்தே எல்லைக்கரை அமைத்து நீர் கொண்டுவருவது. கல்லே கிடைக்காத அந்த மண்ணில் கரையின் ஒரு பகுதிக்குக் கல்லால் அடித்தளம் போட்டதாகப் பெருமையோடு எழுதிக்கொண்டார். அதன் விளைவுக்குப் பின்னால் வருகிறேன்.

லகாஷின் முதல் வம்சத்தின் கடைசி மன்னர் உருகாகினா (சுமார் கி.மு. 2350) தம் சீர்திருத்தங்களால் புகழ்பெற்றவர். அவர் எழுதிவைத்ததில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றுவது ஒரு சிறு கட்டண விவரம். முன்பு ஒருவரை அடக்கம் செய்ய அதிகாரி வாங்கியது 7 குடம் பீர், 420 ரொட்டி, 72 சிலா பார்லி, ஓர் ஆடை, ஓர் ஆடு, ஒரு கட்டில். இனிமேல் 3 குடம் பீர், 80 ரொட்டி, ஓர் ஆடு, ஒரு கட்டில். சாவு வீட்டில்கூட எவ்வளவு கறந்தார்கள் என்பதும், குறைத்த பின்னும் எவ்வளவு மிஞ்சியது என்பதும் இதில் தெரிகிறது. பல பத்தாண்டுப் போரின் செலவு குடிமக்கள் தலையில் விழுந்த விதம் இது. சில ஆண்டுகளில் உம்மாவின் லுகல்சகெசி லகாஷின் கோயில்களைக் கொளுத்தினார். அவரும் நிலைக்கவில்லை. வடக்கே இருந்த அக்காத் நகரத்து மன்னன் சார்கோன் அவரைப் பிடித்துக் கழுத்தில் தளை மாட்டி நிப்பூரில் என்லில் கடவுளின் கோயில் வாசலுக்கு இழுத்துவந்தார். தினமும் தம் முன்னால் 5,400 பேர் உண்டதாகச் சார்கோன் சொல்லிக்கொள்கிறார். சிந்துவெளி என்று பெரும்பாலான அறிஞர் ஏற்கும் மெலுகாவின் கப்பல்கள் தம் துறையில் நின்றன என்பதும் அவர் கூற்றே.

அக்காத் சரிந்து, இடையில் கிழக்கு மலைகளிலிருந்து வந்த குத்தியர் ஆட்சி குழம்பி, கி.மு. 2112 வாக்கில் உர்-நம்மு மூன்றாம் உர் வம்சத்தைத் தொடங்கினார். அவர் மகன் ஷுல்கி 48 ஆண்டுகள் ஆண்டார். பண்டைய உலகில் இவ்வளவு நெருக்கமாகக் கணக்கு எழுதிய அரசு வேறு இருந்திருக்குமா என்பதே சந்தேகம். ஒரு நூற்றாண்டுக்குரிய பலகைகள் மட்டுமே ஏறத்தாழ ஒரு லட்சம் கிடைத்திருக்கின்றன.

வயலிலிருந்து அந்தக் கணக்கைப் பார்ப்போம். நிலத்தின் அலகு இகு: 10 நிந்தன் நீளம், 10 நிந்தன் அகலம், 1 நிந்தன் சுமார் 6 மீட்டர். 18 இகு சேர்ந்தால் 1 புர், ஏறத்தாழ 6.5 ஹெக்டேர். உழவனுக்குச் சொல்வதுபோல் எழுதப்பட்ட ஒரு சுமேரிய நூல், ஒரு நிந்தன் அகலத்துக்கு 8 சால் ஓட்டச் சொல்கிறது. விதை இரண்டு விரல் ஆழத்தில் விழவேண்டும், ஒரு நிந்தன் நீளத்துக்கு, மண் அளவில் அல்ல, தானிய அளவில் 1 கின், அதாவது 1/60 சிலா. கலப்பையோடு பொருத்திய குழாய் வழியாக விதை நேரே சாலுக்குள் விழும். கையால் வீசும்போது ஆகும் வீணடிப்பு இதில் இல்லை. கூட்டிப் பார்த்தால் ஓர் இகுவுக்கு 80 சால், 800 நிந்தன் நீளம், 13 சிலாவுக்குச் சற்று மேல் விதை. அரசு எதிர்பார்த்த வழக்கமான விளைச்சல் புர்ருக்கு 30 குர்; 1 குர் 300 சிலா என்பதால் இகுவுக்கு 500 சிலா. விதைத்ததற்கு முப்பது மடங்குக்கு மேல்! நிலத்தின் செழிப்பைவிட இந்தக் குழாய்க் கலப்பைக்குத்தான் இந்த விகிதத்தில் பெரிய பங்கு என்பது என் கருத்து. ஹெக்டேருக்கு 1,400 லிட்டர் என்பது இன்றைய கண்ணுக்குப் பெரிய விளைச்சலே இல்லை. விதை மிகக் குறைவு என்பதால்தான் மிச்சம் அதிகம்.

அதே நூலில் தண்ணீர் பாய்ச்சும் முறையும் உண்டு. முளை சாலின் ஒடுங்கிய அடியை நிறைத்து மேலே வரும்போது முதல் தண்ணீர். பயிர் நாணல் பாய்போல் அடர்ந்ததும் அடுத்தது. கதிர் வந்ததும் மற்றொன்று. பிறகு ஒரு எச்சரிக்கை: இலை முழுக்க விரிந்த நிலையில் பாய்ச்சினால் துரு நோய் வரும், பாய்ச்சாதே. உமி நீக்கும் பதத்துக்கு வந்ததும் இன்னொரு தண்ணீர் விட்டால் 10 சிலாவுக்கு 1 சிலா கூடுதலாகக் கிடைக்கும். இந்த நுணுக்கம் அரண்மனையில் பிறந்ததல்ல; வரப்பில் நின்றவர்களின் அறிவை எழுத்தர் பள்ளி எடுத்து எழுதிவைத்திருக்கிறது.

அறுத்ததெல்லாம் எங்கே போனது? ஆணுக்கு மாதம் 60 சிலா, பெண்ணுக்கு 30, குழந்தைகளுக்கு 10 முதல் 20. மேற்பார்வையாளர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக் கணக்கு இருந்தது: கையில் கொடுத்த ஆள்நாள் வரவு, முடித்த வேலை செலவு, குறைந்தது பாக்கி. அந்தப் பாக்கி அடுத்த ஆண்டின் முதல் வரியாக ஏறும். நிர்ணயமே கடுமையாக இருந்ததால் பெரும்பாலோர் பாக்கியிலேயே இருந்தார்கள். இறந்த மேற்பார்வையாளரின் உடைமையிலிருந்து அதை வசூலித்ததும் உண்டு. மாகாணங்கள் முறைவைத்து மாதக்கணக்கில் மைய அரசுக்குப் பொருள் செலுத்தின. கால்நடைகளைத் திரட்டிப் பிரிக்க ஷுல்கி தம் 39-ஆம் ஆண்டில் புஸ்ரிஷ்-தகான் என்னும் தனி மையமே அமைத்தார்.

இப்போது உப்பு. வரலாற்று நூல்களில் சுமேரியா உப்பால் அழிந்தது என்று ஒரே வரியில் எழுதுவார்கள். அதன் ஆதாரம் ஜேக்கப்சன், ஆடம்ஸ் என்னும் ஆய்வாளர்கள் இருவரும் 1958-இல் வெளியிட்ட கட்டுரை. கிர்சுப் பகுதியில் கி.மு. 2400 வாக்கில் ஹெக்டேருக்கு 2,537 லிட்டர், கி.மு. 2100-இல் 1,460, லார்சாவில் கி.மு. 1700-இல் 897, கோதுமையும் பார்லியும் கி.மு. 3500-இல் சரிபாதி, கி.மு. 2100-இல் கோதுமை வெறும் 2 சதவீதம் என்றார்கள். பார்லி உப்பைக் கூடுதலாகத் தாங்கும் என்பதால் இந்த மாற்றம் களர் பரவியதற்குச் சான்று என்பது அவர்கள் வாதம். என்மெதெனாவின் டைகிரிஸ் தண்ணீர் தாராளமாக வந்ததும், வடிகால் இல்லாத நிலத்தில் நிலத்தடி நீர் உயர்ந்ததும் தொடக்கம் என்றார்கள்.

நடக்கும் விதம் எளிது. பாசன நீரில் கரைந்த உப்பு கொஞ்சம் இருக்கும். அளவுக்கு மிஞ்சிப் பாய்ச்சினால் நிலத்தடி நீர் மேலே வரும், மண்ணின் நுண்துளை வழியே மேற்பரப்புக்கு ஏறும், வெயிலில் தண்ணீர் போய் உப்பு மட்டும் தங்கும். வெள்ளைப் படலம் கண்ணுக்குத் தெரியும்போது பயிர் ஏற்கெனவே கெட்டிருக்கும். சுமேரியர்கள் கண்ட மருந்து ஒன்றுவிட்ட ஆண்டில் தரிசு போடுவது. தரிசில் ஆழ வேரோடும் முள்செடிகள் முளைத்து அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சி நிலத்தடி நீரைக் கீழே இறக்கும். பின் பாய்ச்சும் தண்ணீர் உப்பைக் கீழே கழுவிச் செல்லும். தரிசு விடாமல் ஆண்டுதோறும் பயிரிட்டால் இந்தச் சுழற்சி முறியும். வரிப் பசி மிகுந்த அரசுக்கு, பாதி நிலம் சும்மா கிடப்பது எப்போதும் கண்ணை உறுத்தும்.

ஆனால் 1985-இல் ஆய்வாளர் மார்வின் பவல் இந்த எண்களை வலுவாகக் கேள்வி கேட்டார். வெவ்வேறு கால அளவைகளையும் வெவ்வேறு வகை ஆவணங்களையும் ஒப்பிட்டதில் பிழை இருக்கிறது, உப்பைக் கழுவும் முறை அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்றார். களர் வயல்கள் இருந்தது உண்மை, பலகைகளே அதைச் சொல்கின்றன. ஆனால் ஒரு வம்சம் விழுந்ததற்கு அதைக் காரணமாக்குவது பொருந்தவில்லை. உப்பு தலைமுறைகளில் வேலை செய்யும். மூன்றாம் உர் அரசோ சில ஆண்டுகளில் கலைந்தது.

கடைசி மன்னன் இப்பி-சின் பதவியேற்ற முதல் 8 ஆண்டுகளுக்குள் எஷ்னுன்னா, சூசா, லகாஷ், உம்மா, நிப்பூர் என ஒவ்வொன்றாக உர் அரசின் ஆண்டுப் பெயரைப் பலகைகளில் எழுதுவதை நிறுத்தின (ஆண்டுகளை எண்ணால் அல்ல, அரசு இட்ட பெயரால்தான் குறித்தார்கள்). அப்படி நிறுத்தினால் அந்த மாகாணத்தின் முறைப்பொருள் இனி வராது என்று பொருள். பின்னாளில் எழுத்தர் பள்ளிகளில் படியெடுக்கப்பட்ட ஒரு கடிதத்தில், தளபதி இஷ்பி-எர்ரா மன்னருக்கு எழுதுகிறார்: 20 தாலந்து வெள்ளிக்கு 72,000 குர் தானியம் வாங்கிவிட்டேன், அமோரியர் (மேற்கிலிருந்து வந்த மேய்ச்சல் குடியினர்) உள்ளே புகுந்துவிட்டார்கள், உர் நகரத்துக்குக் கொண்டுவர முடியவில்லை, 120 குர் கொள்ளும் 600 படகு அனுப்புங்கள். கடிதம் அசலா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு, ஆனால் கணக்கு சரியாக இருக்கிறது: 20 தாலந்து என்பது 72,000 ஷெகல், ஷெகலுக்கு 1 குர் என்ற வழக்கமான விலை, 600 படகு, தலா 120 குர், அதே 72,000. தானியம் நாட்டில் இருந்தது, அதைச் சுமந்துவரும் வழி அறுந்துவிட்டது. இஷ்பி-எர்ரா அந்தத் தானியத்தோடு இசின் நகரத்தில் தனி வம்சம் தொடங்கிவிட்டார். கி.மு. 2004-இல், கிழக்கே இன்றைய ஈரானில் இருந்த ஈலாமியர் உர் நகரத்தைச் சூறையாடி இப்பி-சினைச் சிறைபிடித்துச் சென்றார்கள்.

அதன் பிறகும் தெற்கு வெறிச்சோடவில்லை. இசினும் லார்சாவும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஆண்டன. பாபிலோனின் ஹமுராபி லார்சாவை வென்ற பின், தம் 33-ஆம் ஆட்சியாண்டுக்கு ஒரு வாய்க்காலின் பெயரையே இட்டார். நிப்பூர், எரிது, உர், லார்சா, உருக், இசின் நகரங்களுக்கு அது நிரந்தரத் தண்ணீர் தந்ததாக அந்த ஆண்டுப் பெயர் சொல்கிறது. அவர் மகன் சம்சு-இலுனா காலத்தில் தெற்கு கிளர்ந்தெழுந்தது, அதை அவர் ஒடுக்கினார். அவருடைய 11-ஆம் ஆண்டை ஒட்டி, கி.மு. 1738 வாக்கில், உர், உருக், லார்சா மூன்றிலும் பலகைகள் நின்றுபோகின்றன.